எதிர்கால வயர்லெஸ் நெட்வொர்க் ஆய்வில் பேராசிரியர் ஆவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இ.சி.இ. இறுதியாண்டு மாணவர்களும், எம்.டெக். படிப்பவர்களும், சில சமயம் அவர்களுடைய பெற்றோரும் 6ஜி ஆய்வைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இந்தியாவில் பி.எச்டி. முடித்து ஆசிரியப் பணிக்குப் போகும் பாதையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

இந்தத் துறைப் பேராசிரியர் உண்மையில் எதை ஆராய்கிறார்?

டவருக்கும் ஃபோனுக்கும் இடையே பிட்டுகளைப் பிழையில்லாமல் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதுதான் அடிப்படைக் கேள்வி. கையிலுள்ள பேண்ட்விட்த்தும் சிக்னல்–இரைச்சல் விகிதமும் தெரிந்தால் நொடிக்கு அதிகபட்சம் எத்தனை பிட் அனுப்ப முடியும் என்பதைக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அந்த வரம்பை மீற முடியாது. அதனால் வேகம் வேண்டுமென்றால் கூடுதல் அலைக்கற்றை தேட வேண்டும், இல்லையேல் ஆன்டெனாக்களைப் பெருக்க வேண்டும், இல்லையேல் டவர்களை நெருக்கமாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. அந்த விலையைக் குறைப்பதுதான் ஆய்வு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நடுவில் மறைப்பே இல்லாத 100 மீட்டர் தூரத்தில், சாதாரண ஆன்டெனாக்களுடன், 3.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுமார் 83 டெசிபல் (பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு, இருபது என்றால் நூறு மடங்கு) இழக்கும். அதே தூரத்தில் 28 கிகாஹெர்ட்ஸ் 101 டெசிபல் இழக்கும். 140 கிகாஹெர்ட்ஸ் 115. முதல் இரண்டுக்கும் உள்ள 18 டெசிபல் வித்தியாசம் என்பது 64 மடங்கு. சுவர், மரம், பிடித்திருக்கும் கை எல்லாம் இதற்கு மேல். இழந்ததை ஈடுகட்டப் பல ஆன்டெனாக்களை அடுக்கி ஆற்றலை ஒரே திசையில் குவிக்கிறார்கள். குவித்தால் கற்றை ஒடுங்கும். ஒடுங்கினால் சரியாகக் குறிவைக்க வேண்டும். குறிவைக்க நேரம் ஆகும். அதற்குள் ஃபோன் வைத்திருப்பவர் திரும்பிவிடுவார். இந்த ஒரு சங்கிலிக்குள்ளேயே நான்கைந்து பி.எச்டி. தலைப்புகள் இருக்கின்றன.

துறைக்குள் உட்பிரிவுகள் உண்டு. கணிதப் பிடிப்புள்ளவர்கள் பிழை திருத்தும் கோடிங், சிக்னல் பிராசஸிங் பக்கம் போகிறார்கள். சர்க்யூட் கைவந்தவர்கள் ஆன்டெனா, ஆர்.எஃப். (ரேடியோ சர்க்யூட்) பக்கம். புரோகிராம் எழுதுவதில் ஆர்வமுள்ளவர்கள் நெட்வொர்க் அடுக்குகளுக்கு. எந்தப் பக்கம் போனாலும் மற்ற இரண்டின் மொழி புரிய வேண்டும்.

6ஜி எப்போது வரும்? அது வந்துவிட்டால் இந்த ஆய்வு முடிந்துவிடுமா?

ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யூ. 2023 நவம்பரில் ஐ.எம்.டி.-2030 என்ற பெயரில் 6ஜி-க்கான சட்டகத்தை ஏற்றது. 5ஜி-க்கு மூன்று பயன்பாட்டு வகைகள் இருந்தன, இதில் ஆறு. அலையைக் கொண்டே சுற்றுப்புறத்தை உணர்வதும், நெட்வொர்க்கோடு செயற்கை நுண்ணறிவு கலப்பதும் புதிதாகச் சேர்ந்தவை. தொழில்நுட்ப விதிகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பு 5ஜி-யின் முதல் தொகுப்பை ரிலீஸ் 15 என்று 2018-இல் முடித்தது. 6ஜி-க்கான ஆய்வு ரிலீஸ் 20-இல். முதல் விதித்தொகுப்பு ரிலீஸ் 21-இல். எந்த அலைவரிசையில் ஓடும் என்பதும் இன்னும் முடிவாகவில்லை: 4.4–4.8, 7.125–8.4, 14.8–15.35 கிகாஹெர்ட்ஸ் பட்டைகள் 2027 உலக வானொலி மாநாட்டின் பரிசீலனைக்கு வருகின்றன.

இப்போது பி.எச்டி. சேர்பவர் முடித்து வெளியே வரும்போது 6ஜி-யின் முக்கிய முடிவுகள் எல்லாம் எடுத்து முடிந்திருக்கும். அதனால் “இதை 6ஜி-யில் சேர்ப்பார்கள்” என்பதைத் தவிர வேறு பலமில்லாத தலைப்பை எடுக்க வேண்டாம். அளவிடக்கூடிய ஓர் இயற்பியல் சிக்கலைத் தீர்க்கும் தலைப்பு எந்தத் தலைமுறைக்கும் உதவும்.

ஒரு கருத்து பேப்பரிலிருந்து ஃபோனுக்குள் வர எத்தனை ஆண்டு ஆகும்?

மாறுபடும். அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்.டி.பி.சி. என்ற பிழை திருத்தும் கோடுகளை ராபர்ட் கேலகர் 1960-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் கண்டுபிடித்தார். அவற்றை ஓட்டப் போதுமான கணினி அன்று இல்லை. 30 ஆண்டுகளுக்கும் மேல் கிட்டத்தட்ட யாரும் தொடவில்லை. 1990-களில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, இன்று 5ஜி-யின் டேட்டா முழுவதும் அவற்றில்தான் போகிறது. மாறாக, அங்காராவின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் எர்டால் அரிக்கான் 2009-இல் வெளியிட்ட போலார் கோடுகளை 5ஜி-யின் கட்டுப்பாட்டுச் சானலுக்கு 3ஜிபிபி 2016-இல் தேர்ந்தெடுத்தது. ஏழே ஆண்டுகள், இந்தத் துறையில் இது அசாதாரண வேகம்.

பல ஆன்டெனாக்கள் மூலம் ஒரே அலைவரிசையில் பல ஓடைகளை அனுப்பும் மிமோ நுட்பத்துக்கு அடிகோலியவர்களில் ஒருவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சோனார் உருவாக்கியவர். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலத்துடன் அவர் எடுத்த காப்புரிமை 1994-இல் வழங்கப்பட்டது. மிமோ சேர்ந்த வைஃபை தரம் 802.11என் 2009-இல் வந்தது. 2014-இல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது. கவனிக்க வேண்டியது இதை: தண்ணீருக்கடியில் ஒலியின் திசையைக் கண்டுபிடிக்கும் கணிதமும் காற்றில் ரேடியோ அலையைப் பிரித்தெடுக்கும் கணிதமும் ஏறக்குறைய ஒன்றே. அடிப்படையில் ஊன்றி நின்றவர்களுக்குத் துறை மாறுவது பெரிய தடையாக இருப்பதில்லை.

இளங்கலையிலேயே எந்தப் பாடங்களைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும்?

நிகழ்தகவு, லீனியர் ஆல்ஜிப்ரா, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். இந்த மூன்றும் கைவசம் இருந்தால் மற்றவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. பி.எச்டி. நேர்காணலில் 6ஜி பற்றிப் பொதுவாகப் பேசச் சொல்லமாட்டார்கள். “சராசரி பூஜ்யமாக, ஒரே வேரியன்ஸுடன் உள்ள இரண்டு தனித்தனி காஸியன் மாறிகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் என்ன பரவல் வரும்?” என்பது போலக் கேட்பார்கள். ரேலி என்று பெயர் சொன்னால் போதாது. போர்டில் வருவித்துக் காட்ட வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த இடத்திலிருந்து படிப்படியாக யோசிப்பவரைத்தான் எடுப்பார்கள்.

முதுகலையில் ரேண்டம் பிராசஸ், டிடெக்‌ஷன் அண்ட் எஸ்டிமேஷன், இன்ஃபர்மேஷன் தியரி, கான்வெக்ஸ் ஆப்டிமைசேஷன் ஆகியவற்றைப் படியுங்கள். இணையப் பாடத்தளமான என்.பி.டி.இ.எல்.-இல் இவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. வீடியோ பார்த்தால் மட்டும் போதாது; வாராவாரம் கொடுக்கும் கணக்குகளைக் கையால் போடாமல் அடுத்த வாரத்துக்குப் போகாதீர்கள்.

தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு வாய்ப்பு உண்டா?

உண்டு. நல்ல கேட் மதிப்பெண் நேர்காணல் வரை கொண்டுபோகும். அதன் பிறகு எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. எம்.டெக். அல்லது எம்.எஸ். வழியாகப் போவது பலருக்கும் எளிது. பாடத்தில் இருக்கும் ஓட்டைகளை அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அடைத்துவிடலாம்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஃபெல்லோஷிப்பில் குடும்பம் நடத்த முடியுமா?

அவருடைய மொத்த பேப்பர் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, கடந்த ஐந்தாண்டில் அவரிடம் பி.எச்டி. முடித்தவர்கள் எத்தனை பேர், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். இது பெரும்பாலும் அவருடைய இணையப் பக்கத்திலேயே இருக்கும். மாணவர் முதல் ஆசிரியராக இருக்கும் பேப்பர்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள். சேரும் முன் தற்போதைய மாணவர் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். “வாரம் ஒருமுறையாவது அவரைச் சந்திக்க முடிகிறதா?” என்ற ஒரு கேள்வி போதும்.

உதவித்தொகை 2023-இல் உயர்த்தப்பட்டது: முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, விதிப்படி வீட்டு வாடகைப்படி தனி. வளாக விடுதியில் தங்கும் தனி ஆளுக்குப் போதும். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு உள்ளவர்கள் முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டுச் சேர வேண்டும். இந்தக் கணக்கைத் தள்ளிப்போட்டவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் பாதியில் கிளம்புகிறார்கள்.

ஆய்வுத் தலைப்பை எப்படி முடிவு செய்வது?

எல்லோரும் பேசும் தலைப்பை எடுத்தால் பேப்பர் சீக்கிரம் வரும். உங்களுக்கென்று ஓர் இடம் அமைவது கடினம். ஒரு தலைப்பைத் தொடும் முன் அதன் பௌதிகக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, அலையை விரும்பிய பக்கம் திருப்பிவிடும் ஆர்.ஐ.எஸ். பலகைகள். கடந்த சில ஆண்டுகளில் இதைப் பற்றி ஏராளமான பேப்பர்கள் வந்துவிட்டன. 3.5 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 4.3 சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டர் பலகையில் ஐந்நூற்றுச் சொச்சம் கூறுகள் வைக்கலாம். டவரிலிருந்து பலகை, பலகையிலிருந்து ஃபோன் என்று இரண்டு தாண்டல்களின் இழப்பும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகிறது. டெசிபலில் சொன்னால் கூட்டப்படுகிறது. இதை மீட்க ஐந்நூறு கூறுகளின் கட்டமும் (ஃபேஸ்) சரியாக ஒத்துப்போக வேண்டும். அதற்கு ஐந்நூறு சானல்களை, அதாவது அலை கடந்து வரும் பாதைகளை, அளக்க வேண்டும். பலகையிலோ ரிசீவர் கிடையாது. “எல்லாச் சானலும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம்” என்று தொடங்கும் பேப்பர் இந்தச் சிக்கலின் எளிய பாதியை மட்டும் தீர்க்கிறது. 3ஜிபிபி ரிலீஸ் 18-இல் நெட்வொர்க் கட்டுப்படுத்தும் ரிப்பீட்டரைச் சேர்த்தது, ஆர்.ஐ.எஸ்.-ஐச் சேர்க்கவில்லை. குறைந்த அளவீட்டில் பலகையை இயக்குவது எப்படி என்பதுதான் மிஞ்சி நிற்கும் கடினமான பாதி, எடுக்க வேண்டிய பாதியும் அதுவே.

அலையால் சுற்றுப்புறத்தை உணரும் பக்கமும் இப்படி ஒரு எளிய கணக்கு உண்டு. ஒளியின் வேகத்தைப் பேண்ட்விட்த்தின் இருமடங்கால் வகுத்தால் தூரத் துல்லியம் வரும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 1.5 மீட்டர். ஆளையும் நாற்காலியையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் 400 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், அப்போது 37.5 சென்டிமீட்டர்.

முதல் சிமுலேஷனில் எங்கே தப்பு நேரும்?

பெரும்பாலும் இரைச்சலை அளவிடும் ஒரே வரியில். புது நுட்பத்தை எழுதும் முன், விடை தெரிந்த ஒன்றை உங்கள் புரோகிராமில் ஓட்டுங்கள். பி.பி.எஸ்.கே. மாடுலேஷன் (ஒரு சிம்பலுக்கு ஒரு பிட்), காஸியன் இரைச்சல்: பிட்டுக்கான ஆற்றல்–இரைச்சல் விகிதம் 6.8 டெசிபல் ஆகும்போது பிட் பிழை ஆயிரத்தில் ஒன்று, 9.6 ஆகும்போது லட்சத்தில் ஒன்று. சிக்னல் ஏறி இறங்கும் ரேலி ஃபேடிங்கில் ஆயிரத்தில் ஒன்றை அடையவே 24 டெசிபல் வேண்டும். இந்த மூன்று புள்ளிகளும் பொருந்தும்வரை மேலே போகாதீர்கள்.

உங்கள் வரைகோடு சரியாக 3 டெசிபல் தள்ளி நின்றால், காம்ப்ளெக்ஸ் இரைச்சலை மெய்ப்பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்க மறந்திருப்பீர்கள், அல்லது ஒரு சிம்பலில் இரண்டு பிட் அனுப்பும் கியூ.பி.எஸ்.கே.-யில் பிட் ஆற்றலையும் சிம்பல் ஆற்றலையும் குழப்பியிருப்பீர்கள். டேட்டாவைப் பல துணை அலைகளில் பிரித்து அனுப்பும், 64 புள்ளி எஃப்.எஃப்.டி. (சிக்னலை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கு) உள்ள ஓ.எஃப்.டி.எம்.-இல் 18 டெசிபல் தள்ளி நின்றால் எஃப்.எஃப்.டி.யின் அளவுக் காரணியைப் பாருங்கள். 64-இன் டெசிபல் மதிப்பு அதுதான்.

ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது 100 பிழைகள் சேரும்வரை ஓட்ட வேண்டும். லட்சத்தில் ஒன்று என்ற பிழை வீதத்துக்கு இது ஒரு கோடி பிட். ஃபேடிங் இருந்தால் இதுவும் ஏமாற்றும். ஒரு பாக்கெட் முழுவதும் சானல் மாறாதென்றால், நூறே சானல்களில் ஒரு கோடி பிட் ஓட்டினாலும் உங்களிடம் இருப்பது நூறு சாம்பிள்கள்தான். பிட்டுகளை அல்ல, சானல்களை எண்ணுங்கள். வரைகோடு வளைந்து நெளிந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

அடுத்தது ஒப்பீடு. உங்கள் முறையை மட்டும் நன்றாக ட்யூன் செய்துவிட்டு, பழைய முறையை அதன் இயல்பு அமைப்பில் விட்டுவிடுவது நியாயமில்லை. அனுபவமுள்ள ரிவ்யூவர் முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார். சானல் துல்லியமாகத் தெரியும் என்ற அனுமானத்தில் வந்த முடிவோடு நிறுத்தாமல், அளவீட்டுப் பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதையும் காட்டுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பேருந்தில், 3.5 கிகாஹெர்ட்ஸ் சானல் ஏறக்குறைய 2 மில்லிசெகண்டுதான் நிலையாக இருக்கும். 28 கிகாஹெர்ட்ஸில் அதில் எட்டில் ஒரு பங்கு. உங்கள் அல்காரிதம் அதற்குள் முடிகிறதா?

ஹார்டுவேர் ஆய்வகம் தொடங்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்?

இரண்டு மென்பொருள் ரேடியோ கருவிகள், இரண்டு கணினிகள், எஸ்.எம்.ஏ. கேபிள்கள், சிக்னலைக் குறைக்கும் 30 டெசிபல் அட்டெனுவேட்டர்கள், ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர். பல கல்லூரிகள் யூ.எஸ்.ஆர்.பி. பி210 என்ற ரேடியோ கருவியில் தொடங்குகின்றன. 70 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும், இரண்டு ஆன்டெனா, 56 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த், யூ.எஸ்.பி. 3 இணைப்பு.

முதல் சோதனையைக் காற்றில் செய்யாதீர்கள். அனுப்பும் வாயையும் வாங்கும் வாயையும் கேபிளால் இணையுங்கள், நடுவில் அட்டெனுவேட்டரோடு. பி210 பத்து டிபிஎம்-க்கு (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) மேலும் அனுப்பக்கூடியது. அதன் ரிசீவர் தாங்குவதோ மைனஸ் 15 டிபிஎம்தான். நேரடியாக இணைத்தால் ரிசீவர் போய்விடும். 30 டெசிபல் நடுவில் இருந்தால் வருவது மைனஸ் 20-ஐ ஒட்டி இருக்கும். முழு பவர் வைப்பதாக இருந்தால் இன்னும் 10 டெசிபல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடத் தொடங்கியதும் டெர்மினலில் ‘ஓ’, ‘யூ’, ‘எல்’ என்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக விழும். ‘ஓ’ என்றால் வந்த சாம்பிள்களைக் கணினி எடுத்து முடிக்கவில்லை. ‘யூ’ என்றால் அனுப்ப வேண்டிய சாம்பிள்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ‘எல்’ என்றால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. நொடிக்கு 30.72 மெகா சாம்பிள் என்றால் ஒரு திசைக்கு 123 மெகாபைட், யூ.எஸ்.பி. 2 போர்ட்டில் செருகியிருந்தால் முடியவே முடியாது. சி.பி.யூ.-வை முழுவேக நிலைக்கு மாற்றுங்கள், லேப்டாப்பைச் சார்ஜரில் வையுங்கள், மெய்நிகர் கணினிக்குள் ஓட்டாதீர்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

அடுத்த தலைவலி கடிகாரம். பி210-க்குள் இருக்கும் ஆசிலேட்டர் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வரை விலகலாம். 3.5 கிகாஹெர்ட்ஸில் இது 7 கிலோஹெர்ட்ஸ். இரண்டு கருவிகளும் எதிரெதிர்த் திசையில் விலகினால் 14. ஓ.எஃப்.டி.எம். துணை அலைகளுக்கு இடையே 15 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே இருந்தால், பக்கத்து அலையையே உங்களுடையது என்று எடுத்துக்கொள்வீர்கள். ஜி.பி.எஸ். கடிகார அட்டை போடுங்கள், அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் குறிப்பு சிக்னலையும் நொடித்துடிப்பையும் ஒரே மூலத்திலிருந்து எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துக் கொடுங்கள். இதைச் செய்தாலும், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஆன்டெனாக்களுக்கு இடையிலான கட்டம் மாறி வரக்கூடும். கற்றை குவிக்கும் சோதனைக்கு முன் ஒவ்வொரு முறையும் அதை அளந்து திருத்த வேண்டும்.

5ஜி-யின் முழு 100 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் பி210 போதாது. 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 3,276 துணை அலைகள், 4,096 புள்ளி எஃப்.எஃப்.டி., நொடிக்கு 122.88 மெகா சாம்பிள். ஒரு திசைக்கே கிட்டத்தட்ட 4 கிகாபிட் ஆகிறது. 10 கிகாபிட் ஈதர்நெட் உள்ள என்310 போன்ற கருவி வேண்டும். மென்பொருளுக்கு ஓபன்ஏர்இன்டர்ஃபேஸ், எஸ்ஆர்எஸ்ரான் இரண்டும் இலவசம். சிம் கார்டில் சோதனை நெட்வொர்க் எண் 001-01 எழுதியிருந்தாலும் சில ஃபோன்கள் அந்த எண்ணில் 5ஜி-யைத் தேடாது. வாங்கும் முன் அந்த மாடல் ஓடுகிறதா என்று பாருங்கள். இறக்குமதிக் கருவிக்கு டெண்டர், சுங்கம் எல்லாம் சேர்த்து ஆறு மாதமாவது ஒதுக்கி வையுங்கள்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டுமா?

கேபிளிலோ மூடிய உலோகப் பெட்டிக்குள்ளோ ஓட்டி, வெளியே எதுவும் கசியாதவரை பிரச்சினை இல்லை. மொபைல் கம்பெனிகளின் அலைவரிசையில் காற்றில் அனுப்ப வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் பரிசோதனை உரிமம் பெற வேண்டும். உரிமம் தேவைப்படாத 2.4 கிகாஹெர்ட்ஸிலும் பவர் வரம்பு உண்டு. மாணவர்களிடம் இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பக்கத்துத் தெருவில் ஒருவருடைய அவசர அழைப்பு தடைபடக் கூடாது.

பேப்பர் எங்கே அனுப்புவது? மறுக்கப்பட்டால்?

முதல் பேப்பருக்கு இந்திய மாநாடுகளான என்.சி.சி., எஸ்.பி.காம், பெங்களூரில் நடக்கும் காம்ஸ்நெட்ஸ் ஆகியவை நல்ல இடங்கள். வேலையைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கும் ஆட்கள் வருகிறார்கள். பிறகு ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் ஐ.சி.சி., குளோப்காம் மாநாடுகள், முழு வடிவம் டிரான்சாக்‌ஷன்ஸ் ஜர்னல்களுக்கு. ஜர்னலில் அனுப்பியதிலிருந்து ஏற்கப்படும்வரை ஓர் ஆண்டு ஆவது சாதாரணம். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் பத்திரிகைகளின் பக்கம் போகவே வேண்டாம். அந்தப் பட்டியல் பின்னாளில் நேர்காணலில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

மறுப்பு எல்லோருக்கும் வரும். ரிவ்யூவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று தோன்றினால், அந்தத் தவறான புரிதலுக்கு இடம் கொடுத்த வாக்கியத்தை உங்கள் பேப்பரில் தேடுங்கள். பெரும்பாலும் அது அங்கே இருக்கும்.

காப்புரிமையா, பேப்பரா? எது முதலில்?

காப்புரிமை விண்ணப்பம் முதலில். ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் பதிவேற்றுவதும் வெளியிட்டதாகவே கொள்ளப்படும். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு; ஐரோப்பாவில் வெளியிட்ட மறுநாளே புதுமை போய்விடும். இந்தியாவில் இடைக்கால விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். அதனால் பேப்பர் அனுப்புவது பெரிதாகத் தள்ளிப்போகாது.

தர நிர்ணய வேலையில் கல்லூரி ஆசிரியருக்கு இடம் உண்டா?

உண்டு, இந்தியாவில் இதற்குக் கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது. ஐ.டி.யூ.-வின் 5ஜி கிராமப்புறச் சோதனையில் டவர்களுக்கு இடையே 1,732 மீட்டர் என்றுதான் முதலில் வைத்திருந்தார்கள். நம் கிராமங்களில் டவர்கள் அவ்வளவு நெருக்கமாக இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ், அதன் ஆராய்ச்சிப் பூங்காவிலுள்ள செவிட், இந்தியத் தர அமைப்பான டி.எஸ்.டி.எஸ்.ஐ. ஆகியவை கொண்டுபோன வாதத்தால் 6 கிலோமீட்டர் இடைவெளி கொண்ட சோதனையும் சேர்ந்தது. அவ்வளவு தூரத்தில் ஃபோனின் குரல் டவரை எட்டுவதுதான் சிரமம். ஃபோனின் ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லை வரை ஓட்ட உதவும், அலை வடிவம் திருத்திய பை-பை-டூ (π/2) பி.பி.எஸ்.கே. முறையை ஐ.ஐ.டி. ஹைதராபாத் குழு முன்வைத்தது. இவை சேர்ந்த இந்திய 5ஜி தரமான 5ஜிஐ-யை ஐ.டி.யூ. ஏற்றது, பிறகு, தனித் தரமாக நிற்காமல் 3ஜிபிபி ரிலீஸ் 17-இல் கலந்தது. எட்டு நிறுவனங்கள் சேர்ந்து 220 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய 5ஜி சோதனைத் தளம் 2022 மே 17 அன்று தொடங்கப்பட்டது.

மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று: 3ஜிபிபி-யின் விதிகளும் கூட்டங்களுக்கு வரும் ஆவணங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 38.211 என்ற எண்ணுள்ள விதியில் தொடங்கி 38.212, 38.214 படியுங்கள், சானல் மாதிரிக்கு 38.901. பிறகு உங்கள் தலைப்பைத் தொடும் ரான்1 (ரேடியோ இணைப்பின் விதிகளை எழுதும் குழு) கூட்டங்களின் சேர்மன் நோட்ஸைப் பாருங்கள். எது ஒப்புக்கொள்ளப்பட்டது, எதில் கம்பெனிகள் இழுபறியில் நிற்கின்றன என்று தெரியும். அந்த இழுபறிகளில் நல்ல ஆய்வுக் கேள்விகள் நிறைய இருக்கின்றன. அங்கே முடிவுகள் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. கணிதத்தில் சிறந்தது என்பதோடு, ஏற்கெனவே உள்ள சிப்பில் எவ்வளவு மாற்றம் தேவை என்பதும் தீர்மானிக்கும்.

எல்லாவற்றையும் மெஷின் லேர்னிங் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே?

சில இடங்களில் உண்மையிலேயே உதவுகிறது. சானல் விவரத்தைச் சுருக்கி அனுப்புவது, கற்றையை முன்கணிப்பது, இடம் கண்டறிவது ஆகிய மூன்றையும் 3ஜிபிபி ரிலீஸ் 18-இல் ஆராய்ந்தது. சறுக்குவது எங்கே என்றால், ஒரே சானல் மாதிரியில் பயிற்சி கொடுத்து அதிலேயே சோதிக்கும்போது. டி.டி.எல்.-ஏ என்ற சானல் மாதிரியில் பழக்கி டி.டி.எல்.-சி என்ற வேறொரு மாதிரியில் சோதித்துப் பாருங்கள். முடிந்தால் வேறொரு கட்டடத்தில் அளந்த டேட்டாவில் சோதியுங்கள். எல்.எம்.எம்.எஸ்.இ. போன்ற பழைய முறையோடு ஒப்பிடுங்கள். துணை அலைகளுக்கு இடையே 30 கிலோஹெர்ட்ஸ் உள்ள 5ஜி அமைப்பில் ஒரு ஸ்லாட் அரை மில்லிசெகண்ட். உங்கள் மாடல் அதற்குள் விடை சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர் வேலைக்கு என்ன பார்க்கிறார்கள்? முதல் சில ஆண்டுகள் எப்படி இருக்கும்?

ஐ.ஐ.டி.களில் பி.எச்டி.க்குப் பிறகு மூன்றாண்டு அனுபவம் இருந்தால் உதவிப் பேராசிரியர் முதல் நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாய், படிகள் தனி. யு.ஜி.சி. அளவில் உதவிப் பேராசிரியருக்கு 57,700. பலரும் அந்த மூன்றாண்டை வெளிநாட்டுப் போஸ்ட்டாக்கில் கழிக்கிறார்கள். 2018-இலேயே 6ஜி திட்டம் தொடங்கிய ஃபின்லாந்தின் ஊலு, ஸ்வீடனின் லின்ஷோப்பிங் போன்ற இடங்களில் அளவீட்டு வசதியும் கூட்டு வேலை வாய்ப்பும் அதிகம்.

தேர்வுக் குழு உங்கள் கைடின் நிழலிலிருந்து வெளியே வந்துவிட்டீர்களா என்று பார்க்கும். கைடு பெயர் இல்லாத ஒரு நல்ல பேப்பராவது இருக்கட்டும். “அடுத்த ஐந்தாண்டில் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கு எத்தனை மாணவர், எந்தக் கருவி, எவ்வளவு பணம் என்பது வரை சொல்ல வேண்டும்.

சேர்ந்ததும் பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடம், தொடக்க நிதி, பிறகு மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப்., தொலைத்தொடர்புத் துறையின் நிதியான டி.டி.டி.எஃப். போன்றவற்றுக்கு விண்ணப்பம். முதல் பாடத்துக்கான குறிப்புகளே ஒரு பருவத்தை விழுங்கும். அந்த ஆண்டு புதிய விண்ணப்பம் ஒன்றுக்கு மேல் எழுத முயலாதீர்கள். முதல் இரண்டு மாணவர்களை அவசரமாகச் சேர்க்காமல் பார்த்து எடுங்கள். ஆய்வகத்தின் பழக்கவழக்கங்கள் அவர்களிடமிருந்துதான் அடுத்து வருபவர்களுக்குப் போகும்.

ஆசிரியர் வேலை கிடைக்காவிட்டால்?

பெங்களூர், ஹைதராபாத், சென்னையில் குவால்காம், எரிக்சன், நோக்கியா, சாம்சங் போன்றவற்றின் மோடம், பேஸ் ஸ்டேஷன் குழுக்கள் ஏதாவது ஓர் ஊரிலாவது இருக்கின்றன. எல்.டி.பி.சி. டிகோடரை முழு எண் கணக்கில் எழுதத் தெரிந்தவருக்கும், 38.214-ஐப் புரட்டி விடை சொல்லக்கூடியவருக்கும் அங்கே மதிப்பு உண்டு. செவிட், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் போன்ற இடங்களில் ஆய்வும் உருவாக்கமும் கலந்த வேலை. மூன்று முதல் ஐந்து ஆண்டு கம்பெனியில் இருந்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்புபவர்களும் இருக்கிறார்கள். அந்த அனுபவத்தைத் தேர்வுக் குழுக்கள் கணக்கில் எடுக்கின்றன. அப்படித் திரும்பும் எண்ணம் இருந்தால், சேரும்போதே பேப்பர் வெளியிட அந்தக் குழுவில் அனுமதி உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு பேப்பராவது வெளிவந்தால்தான் விண்ணப்பம் உயிரோடு இருக்கும்.